மாரிச்செல்வத்தின் பதினைந்து ஆண்டுப் பயணம்

கடலோரக் குளிர்பதன மேம்பாட்டுக் கழகத்தின் விதிப்படி, ஒருவனுக்கு வேலை தெரியும் என்பதற்கு அவன் அந்த வேலையைச் செய்து காட்டுவது செல்லத்தக்க சான்று ஆகாது. இது விதி எண் பதினேழு. பதினேழாவது விதியை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி எண் பதினெட்டு.

இந்த விவரமெல்லாம் தெரியாமல்தான் மாரிச்செல்வம் பதினைந்து வருஷமாகக் கழகத்தின் ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டிருந்தான். மாரியூர்க் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்த பிளான்ட். கரைக்கு வரும் மீன் அத்தனைக்கும் அங்கிருந்துதான் ஐஸ். அம்மோனியா வாயுவை அமுக்கிக் குளிராக்கும் அந்தக் கம்ப்ரசருக்கு வயது இருபத்தைந்து. அது இருமினால் என்ன கோளாறு, முனகினால் என்ன கோளாறு என்று மாரிச்செல்வம் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் அவன் தினக்கூலி. காலையில் வந்தால் வேலை உண்டு, நாளைக்கு உண்டா என்று நாளைக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட கழகத்துக்கு இந்த வருஷம் திடீரென்று ஞானம் பிறந்து, நிரந்தர மெக்கானிக் வேலை, ஓர் இடம், என்று விளம்பரம் கொடுத்தது. வயது வரம்பு முப்பத்தைந்து. மாரிச்செல்வத்துக்கு அந்த மாதம் முப்பதாம் தேதி முப்பத்தைந்து முடிகிறது. இப்போது விட்டால் பிறகு ஆயுசுக்கும் கிடையாது. அவன் மனைவி ஈஸ்வரி, ஐடிஐ சான்றிதழைத் துணிப்பையில் சுற்றிக் கொடுத்து, "போயிட்டு வாங்க. இதுல என்ன இருக்கு? அந்த மெசினுக்கு உங்கள விட்டா வேற யாரு?" என்று சொல்லி அனுப்பினாள்.

கழகத்தின் தொடர்பு மற்றும் திறன் அலுவலர் வசந்தகுமார். அவருடைய அறையும் மெஷின் அறையும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக் கொண்டவை. கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் அவர் மேஜையில் இருக்கும் டீ, கிளாஸுக்குள் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுங்கும் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வசந்தகுமார் காகிதங்களைப் புரட்டினார்.

"சான்றிதழ் இருக்கு. அனுபவம் இருக்கு. எல்லாம் சரி. திறன்வலையில உங்க பக்கம் எங்க?"

"பக்கம்னா சார்?"

"செல்போன்ல திறன்வலைன்னு ஒண்ணு இருக்குல்ல? வேலை தேடுறவங்க எல்லாம் அதுலதான் இருக்காங்க. நீங்க யாரு, என்ன சாதிச்சீங்க, உங்களை எத்தனை பேருக்குத் தெரியும், எல்லாம் அதுல இருக்கணும். நான் தேடிப் பார்த்தேன். உங்களைக் காணோம்."

"நான் பக்கத்து ரூம்லதான சார் இருக்கேன். காலையிலகூட உங்களுக்கு வணக்கம் வச்சேனே."

"பார்த்தேன். ஆனா அதுக்கு ஆதாரம் இல்லையே."

மாரிச்செல்வம் தலையைச் சொறிந்தான். "பதினஞ்சு வருசமா வேலை பாத்துக்கிட்டே இருந்துட்டேன் சார். வேற எதுக்கும் நேரம் கெடைக்கல."

"அதுதான் நீங்க பண்ணின தப்பு. வேலை பார்த்துக்கிட்டே இருந்தா, வேலை பார்க்கிறதை நாலு பேருக்கு எப்ப சொல்லுவீங்க?" என்று வசந்தகுமார் மிகுந்த பரிவோடு கேட்டார். பிறகு தேவைகளைச் சொன்னார். ஐந்நூறு தொடர்புகள், இருபத்தைந்து பரிந்துரைகள், வாரத்துக்கு மூன்று பதிவுகள். இதையெல்லாம் வைத்து திறன்வலையே நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அறுபது இருந்தால்தான் நேர்காணலுக்கு உள்ளே விடுவார்கள்.

"போட்டோ கறுப்பு வெள்ளையில, கோட்டு போட்டு எடுத்துக்கங்க. அப்பதான் மரியாதையா இருக்கும்" என்று கடைசியாக ஒரு யோசனையும் இலவசமாகத் தந்தார்.

போட்டோ என்றதும் மாரிச்செல்வத்துக்கு நினைவு வந்தது சாயல்குடி பஜாரில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் பிரபு. காதுகுத்தோ கல்யாணமோ கட்சிக் கூட்டமோ கண்ணீர் அஞ்சலியோ, சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் பேனர் பிரபு கைவண்ணம்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் கொஞ்சமும் மலைக்கவில்லை.

"பேனர்னா என்னண்ணே, பக்கம்னா என்னண்ணே? மூஞ்சி தெளிவா இருக்கணும், பேரு பெருசா இருக்கணும். அம்புட்டுத்தான்."

கடையில் ஒரு கோட்டு இருந்தது. அதற்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்னால் நாடா வைத்துக் கட்டிவிடுவார்கள். அந்த வட்டாரத்தில் பாஸ்போர்ட் எடுத்து சிங்கப்பூர் போனவர்கள், பெண் பார்க்கப் போட்டோ அனுப்பியவர்கள், எல்லாரும் அந்த முன்பக்கத்துக்குள் நுழைந்து வந்தவர்கள்தான். மாரிச்செல்வமும் நுழைந்தான். கறுப்பு வெள்ளையில் படம் பிரமாதமாக வந்தது. கீழே பிரபு தன் கையிருப்பிலிருந்து இரண்டு வரி எடுத்துப் போட்டான்: "குளிரின் கோமகனே! அம்மோனியா கண்ட ஆளுமையே!"

வசந்தகுமார் அதில் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "ஆளுமை இருக்கட்டும். கோமகன் வேணாம். குளிர்பதனச் சிந்தனையாளர்னு போடுங்க."

"நான் மெக்கானிக் சார்."

"மெக்கானிக் வேலைக்கு ஒரு மெக்கானிக் வர்றதுல என்னங்க புதுமை இருக்கு?"

அடுத்து பதிவுகள். மாரிச்செல்வம் சாப்பாட்டு வேளையில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, தன் முதல் பதிவை எழுதினான். "நேத்து பெல்ட் அறுந்துச்சு. மாத்திட்டேன்." திறன்வலை அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டது. வசந்தகுமார் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"பெல்ட் அறுந்தது உங்களுக்கு என்ன கத்துக்கொடுத்துச்சு?"

"பழைய பெல்ட்ட முன்னாடியே மாத்தணும்னு சார்."

"அது பராமரிப்பு. நான் கேக்கிறது பாடம். அறுந்தப்ப உங்க மனசு எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு சார், கையி மாட்டியிருந்தா போயிருக்கும்."

"அதை எழுதுங்க! ஆனா கையை விட்ருங்க."

கடைசியில் வசந்தகுமாரே எழுதிக் கொடுத்தார். "நேற்று ஒரு பெல்ட் அறுந்தது. அன்று நானும் அறுந்தேன். ஆனால் அறுந்த இடத்தில்தான் ஒளி நுழைகிறது. பணிவுடன் நன்றி." இதற்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. பிளான்ட்டின் ஸ்டோரில் மிச்சமிருந்த ஒரே புது பெல்ட்டும் தீர்ந்துபோனதால் இன்னொன்று வாங்க வேண்டும் என்று மாரிச்செல்வம் கொடுத்த சீட்டு மட்டும், அந்தக் கவிதை எழுதிய மேஜையிலேயே டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது.

தொடர்புகளை ஈஸ்வரி பார்த்துக்கொண்டாள். அவர்கள் ஊர் ஊரணிப்பட்டி, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கரிசல்காட்டு ஊர். நூறு நாள் வேலையில் அவளோடு கண்மாய் வெட்டும் எண்பத்து நான்கு பெண்களின் போனையும் வாங்கி, மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு, கருவேல மர நிழலில் உட்கார்ந்து அத்தனை பேரையும் திறன்வலையில் சேர்த்தாள். அவர்கள் வழியாகத் திருப்பூரில் இருக்கும் மச்சான்கள், குவைத்தில் இருக்கும் கொழுந்தன்கள் எல்லாரும் வந்து சேர, தொடர்பு ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டது.

பரிந்துரைதான் தகராறு பண்ணியது. சனங்கள் தங்களுக்குத் தெரிந்ததைத்தானே எழுதுவார்கள்? "மாரி நல்ல பய. குடி கிடையாது." "எங்க மோட்டார ரிப்பேர் பாத்துட்டு டீகூட வாங்கிக்கிரல." அவனுடைய அப்பாவின் தங்கச்சி கருத்தம்மாள், முதுகுளத்தூரிலிருந்து, "இவனுக்குத் தாராளமாப் பொண்ணு குடுக்கலாம், ஆனா ஏற்கெனவே குடுத்தாச்சு" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுத வைத்தாள். இவை எதுவும் தொழில்முறையாக இல்லை என்று திறன்வலை தள்ளிவிட்டது. மதிப்பெண் முப்பத்தொன்றில் வந்து நின்றது. முப்பதாம் தேதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மாரிச்செல்வத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திறன்வலை தானாகவே ஒரு காரியம் செய்தது.

ஒருவர் ஓரிடத்தில் இத்தனை வருஷம் முடித்துவிட்டார் என்றால் அதை அவருடைய தொடர்புகளுக்கெல்லாம் சொல்வது அதன் வழக்கம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு போன்கள் ஒரே நேரத்தில் மணி அடித்தன. கோட்டு போட்ட மாரிச்செல்வத்தின் கறுப்பு வெள்ளைப் படம். அதன்கீழே: "மாரிச்செல்வம் அவர்களின் பதினைந்து ஆண்டுப் பயணம் நிறைவடைந்தது. அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள்."

அந்தப் பக்கத்துச் சனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உயிரோடு இருக்கிற எவனும் கறுப்பு வெள்ளையில் கோட்டு போட்டு, பயணம் நிறைவடைந்தது என்று எழுத்துப் போட்டு அவர்கள் பார்த்ததில்லை. இப்படி ஒரு படம் வந்தால் என்ன எழுத வேண்டும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பத்து மணி ஒரு நிமிஷத்துக்கு முதல் ஆள் எழுதினான்: "ஆழ்ந்த இரங்கல்." பதினோரு மணிக்குள் அறுநூற்று நாற்பது இரங்கல்கள் வந்து குவிந்தன. எழுதியவர்களின் சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று மாரிச்செல்வத்தை முன்பின் பார்க்காதவர்களெல்லாம் "நல்ல மனிதர்" என்று எழுதினார்கள்.

செத்தவனுக்கு இது தெரியாது. அவன் போனைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டு மெஷின் அறைக்குள் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு வேலையை முடித்து மொபெட்டில் கிளம்பி ஊரணிப்பட்டி விலக்கில் திரும்பியபோது, பஸ் நிறுத்தத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தன் முகம் தொங்குவதைப் பார்த்தான். கண்ணீர் அஞ்சலி. குளிரின் கோமகனே, எங்களைத் தவிக்கவிட்டு எங்கே போனாய்? தோற்றம், மறைவு, தேதி எல்லாம் சரியாக இருந்தது. அடியில் சின்னச் சின்னப் படமாகப் பங்காளிகள் பதினெட்டுப் பேர். ஏணியின்மேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்த பிரபு திரும்பிப் பார்த்து, கயிற்றை விட்டுவிட்டான்.

"அண்ணே! ஆளா, ஆவியா?"

"ஏலே பிரபு, என்னலே இது?"

"உங்க மச்சான் போன்ல சொன்னாருண்ணே. போட்டோ நம்மகிட்ட ரெடியா இருந்துச்சா, சட்டுன்னு அடிச்சுட்டேன். கோமகனையும் வீணாக்கல."

"ஒரு வார்த்தை எனக்குப் போன் பண்ணிக் கேக்கக் கூடாதாடா?"

"செத்தவருக்கு எப்படிண்ணே போன் பண்றது?" என்றான் பிரபு. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வீட்டு வாசலில் சாமியானா போட்டு நாற்காலி போட்டாகிவிட்டது. கொட்டுக்குச் சொல்லி ஆள் போயிருந்தது. ஈஸ்வரி வாசல்படியில் விளக்குமாற்றோடு நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "அவரு நல்லாத்தான் இருக்காரு! காலையிலகூடக் கஞ்சி குடிச்சுட்டுப் போனாரு!"

"ஐயோ, கடேசிக் கஞ்சி!" என்று பெண்கள் ஓவென்று அழுதார்கள். பாவம், அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முதுகுளத்தூரிலிருந்து வந்திறங்கிய அத்தை கருத்தம்மாள் நடுவில் உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தாள். மாரிச்செல்வம் மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. அழுகை நின்ற வேகத்தில் ஆத்திரம் வந்தது.

"ஏலே, உசுரோட இருக்கவன் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னலே கேடு? ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேன் நானு!"

ஈஸ்வரி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அத்தனை நேரம் வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. பொய் என்று தெரிந்தும் உள்ளுக்குள் செத்துப்போயிருந்தாள் அவள்.

"மொதல்ல அந்தக் கருமத்துல உசுரோட இருக்கேன்னு எழுதுங்க" என்றாள்.

அவன் போனை எடுத்து "நான் சாகவில்லை" என்று எழுதி முடிப்பதற்குள் வசந்தகுமாரிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் குரலில் அப்படி ஒரு குதூகலத்தை மாரிச்செல்வம் கேட்டதே இல்லை.

"எதையும் எழுதிடாதீங்க! ஸ்கோர் தொண்ணூத்தேழு! கழகத்து வரலாற்றுலேயே இல்லாத மதிப்பெண். திங்கக்கிழமை நேர்காணல், உங்களுக்குத்தான் வேலை."

"சார், நான் செத்துட்டேன்னு எழுதியிருக்காங்க சார்."

"இது பரிந்துரை இல்ல, வாழ்த்துக் கணக்கு. இதுல என்ன எழுதியிருக்காங்கன்னு விதியில இல்ல. எத்தனை பேர் எழுதியிருக்காங்கன்னுதான் இருக்கு. நீங்க உயிரோட இருக்கேன்னு சொன்னா அத்தனையும் பொய்க்கணக்குன்னு ஆகி, முன்னால இருந்த முப்பத்தொண்ணும் போயி நாலுக்கு வந்திரும். நாலு நாள் பொறுத்துக்கங்க. நேர்ல எப்படி வேணா இருங்க. திறன்வலையில மட்டும் அமைதியா இருங்க."

ஈஸ்வரி போனைப் பிடுங்கப் பார்த்தாள். "வேலைக்காக என் தாலியக் கழத்தச் சொல்றானா அவன்?"

"நாலு நாளு ஈசு. பதினஞ்சு வருசத்துக்கு நாலே நாளு" என்று மாரிச்செல்வம் கெஞ்சினான். அவள் உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று, இருந்த பொட்டை அழித்துவிட்டு, அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒன்று வைத்துக்கொண்டு வந்தாள். அதுதான் அவளுடைய பதிவு.

சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் ஓடாத குறையாக வந்தார். திருப்பாலைக்குடியில் சொந்தமாக ஐஸ் பிளான்ட் வைத்திருக்கும் பாக்கர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மெஷின் மக்கர் பண்ணியபோது மாரிச்செல்வம் போய் இரண்டு நாள் தங்கிச் சரிபார்த்துக் கொடுத்திருந்தான். மாலையோடு வந்தவர் மாரிச்செல்வத்தைக் கண்டு அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"யா அல்லாஹ்! தம்பி, நீ மவுத்தாயிட்டேன்னுல்ல எங்க வீட்டுப் புள்ளைக போன்ல காட்டுச்சு! வழியெல்லாம் அழுதுக்கிட்டு வாரேன்பா."

தண்ணீர் குடித்து ஆசுவாசப்பட்டதும் அவர் சொன்னார்: "ஆறு மாசமா எனக்கு மெக்கானிக் இல்ல. உன்னையக் கூப்புடலாம்னு நெனச்சேன், கழகத்துல நெரந்தரம் ஆகப்போறேன்னு சொன்னாக. சரி, நல்லாருக்கட்டும்னு விட்டுட்டேன். இப்பவும் சொல்றேன், வந்தா உனக்கு எடம் இருக்கு. வீடும் தாரேன்."

"இல்ல பாய். திங்கக்கிழமை ஆர்டர் கைக்கு வந்திரும்" என்றான் மாரிச்செல்வம். பாக்கர் அதற்கும் சந்தோஷப்பட்டு, மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் மொபெட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த நாலு நாளும் ஊர் அந்த ஏற்பாட்டுக்குப் பழகிக்கொண்டது. நேரில் பார்த்தால் "என்ன மாரி, சாப்பிட்டயா?" என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போய் போனை எடுத்து, "உன் சிரிப்பை மறக்க முடியவில்லை" என்று எழுதுவார்கள்.

திங்கட்கிழமை வந்தது. தேதி இருபத்தொன்பது. நேர்காணலை நடத்த மண்டல இயக்குநர் துர்காதேவியே காரில் வந்திறங்கினார். வசந்தகுமாரின் அறையில், நடுங்கும் டீ கிளாஸ்களுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். மேஜைமேல் நியமன உத்தரவு, பெயர் அடித்து, கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. மாரிச்செல்வத்தின் கண் அதைவிட்டு நகரவில்லை.

"உயிரோட இருக்கிறவங்கள்ல இவ்வளவு ஆதரவு வாங்கினவங்களை நான் பார்த்ததில்ல" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "இதுதான் இந்தக் காலத்துக்குத் தேவையான திறமை. இப்ப என்னையே எடுத்துக்கங்க. என் பக்கத்துல எண்ணாயிரம் பேர் இருக்காங்க. போன மாசம் எனக்கு ஆபரேஷன். பத்து நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். ஒருத்தர் வந்து எட்டிப் பார்க்கல. ஆனா நாலாயிரம் பேர் இதயம் போட்டாங்க. அந்த வலிமை வேற எதுல கிடைக்கும், சொல்லுங்க?"

சொல்லிவிட்டு, போனை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார். தகுதிகாண் காலமான மூன்று வருஷத்துக்குத் தன் இறப்பை மறுத்தோ உறுதிசெய்தோ எதுவும் பதிவிட மாட்டேன் என்ற உறுதிமொழி அது. வருஷா வருஷம் நினைவஞ்சலி மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

மாரிச்செல்வம் பேனாவை எடுத்தான். எடுத்தவன் நிறுத்தினான். கிளாஸில் டீ நடுங்கவில்லை.

மற்ற இருவருக்கும் அது தெரியவில்லை. அவன் சுவர்ப்பக்கம் காதைத் திருப்பினான். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. ஒரு நிமிஷத்தில் வெளியே கூச்சல் எழுந்தது. அன்றைக்கு ஒன்பது படகு கரைக்கு வந்து, பாறை மீனும் சாளையும் கணவாயும் தார்ப்பாயில் குவிந்து கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "மாரீ! மெசினு நின்னுபோச்சுப்பா! ஓடியா!"

அவன் எழுந்தான்.

"உட்காருங்க, முறைப்படி பார்ப்போம்" என்று வசந்தகுமார் தன் போனை எடுத்தார். "ஆற்றல்மிக்க குளிர்பதன வல்லுநர் உடனடித் தேவை" என்று திறன்வலையில் போட்டார். மறுநொடி மாரிச்செல்வத்தின் சட்டைப்பையில் மணி அடித்தது. உங்கள் திறமைக்கு ஏற்ற வாய்ப்பு, பன்னிரண்டு மீட்டர் தொலைவில்.

"பார்த்தீங்களா, எவ்வளவு துல்லியம்!" என்று இயக்குநர் மகிழ்ந்தார்.

"அப்ப நான் போறேன் மேடம்."

"அதெப்படி? நீங்க விருப்பம் தெரிவிக்கணும், நாங்க பரிசீலிக்கணும். ஏழு வேலைநாள்."

"ஏழு நாள்ல மீனெல்லாம் நாறிப் போயிரும் மேடம். அந்தச் சனத்துக்கு இன்னைக்குக் கடல்ல கெடைச்சது அம்புட்டும் அதுதான்."

"எந்த இழப்பையும் ஒரு வாய்ப்பா பார்க்கப் பழகணும்" என்றார் இயக்குநர். "இந்த அறையை விட்டுப் போனா நேர்காணலை விட்டுப் போனதாத்தான் அர்த்தம்."

மாரிச்செல்வம் நியமன உத்தரவைப் பார்த்தான். பதினைந்து வருஷம் அங்கே வெள்ளைத் தாளில் கிடந்தது. ஈஸ்வரியின் பெரிய பொட்டு நினைவுக்கு வந்தது. நாளைக்கு முப்பத்தைந்து. வெளியே யாரோ ஒரு பெண்பிள்ளை அவன் பேரைச் சொல்லி அழுதுகொண்டே கத்தினாள். இந்தத் தடவை அது செத்தவனைக் கூப்பிடுகிற அழுகை இல்லை. பேனாவை மூடி உத்தரவின்மேல் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

வால்வுத் தகடு உடைந்திருந்தது. கேஸை அடைத்து, ஹெட்டைக் கழற்றி, எப்போதோ தானே ஒளித்துவைத்திருந்த ஒரு தகட்டைப் போட்டு, கம்ப்ரசரை ஓடவிட்டுப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கூட நின்ற மீன்காரர் ஒருவர் அதை அப்படியே வீடியோ எடுத்து, "எங்க மாரி மாரிதான்" என்று எழுதித் திறன்வலையில் போட்டார். நல்ல மனசோடுதான் போட்டார்.

திரும்பி வந்தபோது டீ மறுபடி நடுங்கிக்கொண்டிருந்தது. நியமன உத்தரவைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு வரி எழுதிய தாள் இருந்தது: நேர்காணலின்போது வேலை செய்யச் சென்றுவிட்டதால் வேலைக்குத் தகுதியற்றவர்.

"அந்த வீடியோவால ஸ்கோரும் நாலுக்கு வந்திருச்சு" என்றார் வசந்தகுமார், உண்மையான வருத்தத்தோடு. "உயிரோட இருக்கீங்கன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாரிச்செல்வம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெட்கப்படாமல் அழுதான். ஈஸ்வரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய்க் கறை படிந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு நாளா உங்களுக்காக ஊரே அழுது முடிச்சிருச்சு. இதுல நீங்க வேறயா?" என்றாள். "போனத் தாங்க. பாக்கர் பாய் நம்பரு எது?"

கழகத்தின் வேலை, எண்பத்தெட்டு மதிப்பெண் பெற்ற மதுரைக்காரர் ஒருவருக்குப் போயிற்று. அவர் குளிர்பதனம் பற்றி நூற்றிருபது பதிவுகள் எழுதியவர், கம்ப்ரசரை முதன்முதலாக நேரில் பார்த்ததும் அதனோடு படம் எடுத்துப் போட்டார். அடுத்த மாதமே பெல்ட் அறுந்தது. மாற்ற வேறு பெல்ட் இல்லை. அது தந்த பாடத்தை அவர் ஐந்து பகுதிகளாக எழுதினார். அதற்கு நல்ல வரவேற்பு. மெஷின் மட்டும் அதற்குப் பிறகு ஓடவில்லை. மாரியூர்ப் படகுகள் ஐஸுக்குப் பாக்கரிடம் லாரி கேட்டு ஆள் அனுப்பின.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், திருப்பாலைக்குடியில் மாரிச்செல்வம் வால்வுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது, சாப்பாடு கொண்டுவந்த ஈஸ்வரியின் போனில் மணி அடித்தது. கழகத்து ஐஸ் பிளான்ட்டின் படம், மரியாதைக்காகக் கறுப்பு வெள்ளையில். "எங்கள் மாரியூர் ஐஸ் பிளான்ட்டின் இருபத்தைந்து ஆண்டுப் பயணம் நிறைவடைந்தது. அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள்."

ஈஸ்வரி வாய்விட்டுப் படித்தாள். மாரிச்செல்வம் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அந்தப் பழைய மெஷின் இருமுவதும் முனகுவதும் அவன் காதுக்குள் கேட்டது. கை முழுக்க கிரீஸ்.

"நான் சொல்றேன், நீ எழுது" என்றான்.

"என்னன்னு?"

"ஆழ்ந்த இரங்கல்."

திறன்வலையில் அவனாக மனசாரச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். பொழுது சாய்வதற்குள் அதற்கு எழுநூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள், வசந்தகுமார் உட்பட.